மூக்கு முதல் தோல் வரை: ஒட்டறுவை சிகிச்சை வளர்ந்த கதை

(சால்ட் லேக்கில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)

 

நம் காரியதரிசி போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "டாக்டர் மாமி, ஏதாவது வைத்தியம் சம்பந்தமாகப் பேசுங்கள். சர்க்கரை வியாதி மட்டும் வேண்டாம், போன தடவை அதுதான்" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேல் செய்த தொழில். அதைப் பற்றியே பேசுகிறேன் என்றேன்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும், உள்ளே நுழையும்போதே ஒரு மாமி, "கன்னத்துச் சுருக்கம் போகுமா?" என்று என் காதோடு கேட்டார். போகும். ஆனால் அதற்காக நான் இங்கே வரவில்லை. இன்னொருவர், "உடம்புக்குள் பிளாஸ்டிக் வைத்தால் ஒத்துக்கொள்ளுமா?" என்றார். இந்தப் பெயருக்கும் நாம் வாளி வாங்கும் பிளாஸ்டிக்குக்கும் சம்பந்தம் இல்லை. கிரேக்க மொழியில் 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வனைவது, உருக்கொடுப்பது. குயவர் மண்ணில் செய்வதை நாங்கள் சதையில் செய்கிறோம், அவ்வளவுதான்.

உடம்பில் ஓரிடத்தில் இல்லாமற் போனதை வேறோர் இடத்திலிருந்து எடுத்து வைப்பது எங்கள் வேலை. ஆகவே எங்களுக்கு எப்போதும் இரண்டே கேள்விகள். எங்கிருந்து எடுப்பது? எடுத்ததை எப்படிச் சாகாமல் காப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த பதில்தான் இந்தச் சாஸ்திரத்தின் வளர்ச்சி. கடைசியில் அந்த முதல் கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

இந்த ஊரிலேயே அச்சான சுஸ்ருதர்

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். கல்கத்தா மெடிக்கல் காலேஜ் 1835ல் தொடங்கியது. அங்கே ஆசிரியராக இருந்தவர் பண்டித மதுசூதன் குப்தா. வைத்ய குலத்தவர், சம்ஸ்கிருத வித்வான். சுஸ்ருத ஸம்ஹிதையைப் பரிசோதித்து 1835-36ல் இங்கே அச்சில் கொண்டு வந்தவர் அவர். அதே மனிதர் 1836ல் மாணவர்களுடன் நின்று ஒரு சவத்தை அறுத்துப் பாடம் கற்பித்தார். அந்தக் காலத்தில் சவத்தைத் தொட்டாலே ஜாதிப் பிரஷ்டம். கையில் ஏடும் கத்தியும் ஒன்றாகப் பிடித்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சுஸ்ருதர் மூக்கைப் பற்றி என்ன சொல்கிறார்? அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொள், அந்த அளவில் கன்னத்துச் சதையைச் சீவி எடுத்து மூக்கில் பொருத்து, மூச்சுக்கு இரண்டு குழல்களை வை என்கிறார். நெற்றியிலிருந்து தோலைத் திருப்பி வைக்கும் முறை பிற்பாடு சில குடும்பங்களில் பரம்பரையாக வந்தது. திப்பு சுல்தானுடன் நடந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். சுமார் ஒரு வருஷம் கழித்துப் புனா பக்கத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலால் அவருக்கு மூக்கு செய்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814ல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். இன்றும் பாடப் புத்தகங்களில் அதற்கு 'இந்திய முறை' என்றே பெயர்.

சூட்சுமம் எங்கே என்றால், நெற்றித் தோலை முழுசாக வெட்டி எடுக்கக்கூடாது. புருவ மத்தியில் ஒரு காம்பை விட்டுவிட்டுத் திருப்பவேண்டும். அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். சுமார் இருபத்தைந்து நாளில் புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்துக்கொண்ட பிறகே காம்பை வெட்டுவார்கள். பதியன் போடுகிற தோட்டக்காரருக்கு இது உடனே புரியும். தாய்ச் செடியிலிருந்து வேர் விடும் வரை வெட்டமாட்டார் அல்லவா?

வேலூரில் நடந்த ஆராய்ச்சி

மூக்கை விட்டுக் கைக்கு வருகிறேன். இந்தக் கட்டத்தில் கதை நம் தமிழ்நாட்டுக்கு வருகிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் படித்துவிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு குஷ்டரோக மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிக் கொக்கி போல ஆன கைகள் நூற்றுக்கணக்கில். வியாதியால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் அதுவரை உலகமே நம்பியது. அந்தக் கைகளில் அறுவை சிகிச்சை செய்தால் ஆறாது என்றும் சொன்னார்கள்.

பிராண்ட் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு கையாகச் சோதித்தார். நரம்பு செத்ததால் சில தசைகள் மட்டும் இயங்கவில்லை, முன்கைத் தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன என்று தெரிந்தது. விரல் உதிர்வதற்குக் காரணம் வியாதி நேராகத் தின்பது அல்ல, வலி தெரியாததுதான். ஒரு பையன் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகினான், விரலில் எலும்பு வரைக்கும் வெட்டுப்பட்டது, அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துவிட்டுப் போகும், வலித்தால்தானே விழிப்பு வரும்? அதற்கு வைத்தியமாக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் இதுவும் மருத்துவ ஆராய்ச்சிதான்.

பிறகு, வேலை செய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்குத் திருப்பிக் கட்டினார். நாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. மடங்கிக் கிடந்த விரல் நிமிர்ந்தது. எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு, அதே கையிலிருந்தே எடு என்பது வேலூரின் பதில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதைத் தொட்டது. கை நிமிர்ந்தவர்கள் சிலர் திரும்பி வந்து, "டாக்டர், இந்தக் கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை" என்றார்கள். ஆகவே 'நவ ஜீவ நிலையம்' என்ற சிறு கிராமத்தை ஏற்படுத்தி, தச்சு வேலை, மரப் பொம்மை செய்வது என்று தொழில் கற்றுக்கொடுத்தார்கள். கையைச் சரி செய்தால் போதாது, அந்தக் கைக்கு வேலை கிடைக்கும் வரை சிகிச்சை முடியவில்லை என்பதை நான் வேலூரிலிருந்து கற்றுக்கொண்டேன். டாக்டர் மேரி வர்கீஸ் என்பவர் 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை அறுவை சிகிச்சைகளைச் செய்தார். நாற்காலியில் இருந்த டாக்டரைப் பார்த்து நோயாளிகளுக்கு எத்தனை தைரியம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைக்ராஸ்கோப் வந்தது

இதுவரை சொன்னதெல்லாம் காம்பை வெட்டாத சிகிச்சைகள். காம்பை வெட்டிவிட்டு, தூரத்தில் உள்ள இடத்தில் வைக்கமுடியுமா? ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ரத்தக் குழாயை, மயிரை விட மெல்லிய நூலால் தைக்கத் தெரிந்தால் முடியும். 1965ல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இருவர் அறுந்துபோன கட்டை விரலை மைக்ராஸ்கோப் வைத்துத் திரும்ப இணைத்தார்கள். 1973ல் ஆஸ்திரேலியாவில் டேனியல், டெய்லர் இருவரும் இடுப்புப் பக்கத்துத் தோலை ரத்தக் குழாயோடு முழுசாக எடுத்துக் காலில் வைத்துத் தைத்தார்கள். அன்றோடு பதியன் காலம் முடிந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் வெங்கடசாமி கைக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். நுனி சாய்வாக அறுந்த விரலுக்கு, பக்கத்துத் தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் அவருடைய முறை 1980ல் அமெரிக்க சஞ்சிகையில் வந்தது, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோயம்புத்தூரில் 1978ல் டாக்டர் சண்முகநாதன் ஆரம்பித்த கங்கா மருத்துவமனையில், அவர் புதல்வர்கள் இருவரில் ராஜசேகரன் எலும்பு வைத்தியர், ராஜ சபாபதி எங்கள் துறை. ஆலையும் பட்டறையும் நிறைந்த ஊரில் மெஷினில் கை மாட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் குறைவா? எலும்புக்காரரும் தோல்காரரும் முதல் நாளே ஒரே மேஜையில் சேர்ந்து நிற்பது அங்கே வழக்கம். நொறுங்கிய காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா என்று தீர்மானிக்க அவர்கள் வகுத்த மதிப்பெண் முறை 2006ல் பிரிட்டிஷ் சஞ்சிகையில் வெளியானது. தோல், எலும்பு, தசை மூன்றையும் தனித்தனியே எடைபோட்டு, நோயாளியின் மற்ற உபாதைகளையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு. 14ம் அதற்குக் கீழும் என்றால் காப்பாற்றப் பார்க்கலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் இருப்பது டாக்டரின் அனுபவம்.

நம் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் இருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தண்ணீரிலோ, நேராக ஐஸிலோ போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட டப்பாவில் வையுங்கள். துண்டு ஐஸைத் தொடக்கூடாது. அப்படிக் கொண்டுவந்தால் விரலுக்குப் பல மணி நேரம் அவகாசம் உண்டு. தசை நிறைந்த முழங்கை, தோள் போன்ற பாகங்களுக்கு ஆறு மணி நேரம்தான்.

பிறர் கை

அடுத்த படி, இன்னொருவருடைய கையையே வைப்பது. 1998ல் பிரான்ஸின் லியோன் நகரில் கை மாற்று நடந்தது. நம் நாட்டில் 2015 ஜனவரியில் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் டாக்டர் சுப்ரமணிய ஐயர் குழு, இரண்டு கைகளையும் இழந்திருந்த இளைஞர் ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் இரண்டு கைகளையும் பொருத்தியது. 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ரமாதேவி குழு, மின்சாரம் தாக்கிக் கைகளை இழந்த ஒருவருக்கு இதைச் செய்தது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இது முதல் தடவை.

கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் உடம்பு பிறர் கையை ஏற்காது. வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடவேண்டும், அதனால் தொற்றுகள் வரலாம், சிறுநீரகம் கெடலாம். லியோனில் முதல் கை பெற்றவர் மருந்தை நிறுத்திவிட்டார். 2001ல் அந்தக் கையை எடுக்க நேர்ந்தது. ஆகவே இது எல்லோருக்கும் உகந்த வழி அல்ல.

தீக்காயம் என்ற பெரிய கணக்கு

மூக்கு, விரல், கை என்பதெல்லாம் எண்ணிச் சொல்லக்கூடியவை. எங்கள் வார்டில் எண்ணி மாளாதது தீக்காயம். இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ தீக்காயம் ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கார்த்திகை விளக்கில் பிடித்த புடவைத் தலைப்பு, மேடையிலிருந்து குழந்தை இழுத்துவிட்ட ரசப் பாத்திரம், காளி பூஜைப் பட்டாசு எல்லாம் நான் பார்த்தவை. திராவகம் வீசப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடுமைக்கு 2013ல் தனிச் சட்டப் பிரிவு வந்தது. தனியார் மருத்துவமனைகளும் அவர்களுக்கு இலவச சிகிச்சை தரவேண்டும் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும்.

சுட்டுவிட்டால் முதலில் குழாயைத் திறந்து இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, நெய், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். இட்லி மாவைச் சுரண்டி எடுத்தே என் வாழ்நாளில் எத்தனையோ மணி நேரம் போயிருக்கிறது!

சின்னக் காயம் தானே ஆறும். ஆழமானதற்கு நோயாளியின் தொடையிலிருந்தே மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவோம். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு எங்கிருந்து எடுப்பது? எடுக்கத் தோல் மிச்சம் இல்லையே. மூடாத காயம் வழியாக உடம்பின் நீர் வெளியேறும், கிருமி உள்ளே போகும். பலர் சாவது நெருப்பால் அல்ல, பத்தாம் நாள் வரும் இந்தக் கிருமியால்.

ஆராய்ச்சி சும்மா இருக்கவில்லை. 1975ல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ரைன்வால்ட் இருவரும் மனிதத் தோல் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க வழி கண்டார்கள். 2015ல் ஜெர்மனியின் போகும் நகரில், பிறவித் தோல் நோயால் தோலையெல்லாம் இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, அவனுடைய அணுக்களிலேயே மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலால் உடம்பில் சுமார் 80 சதவீதத்தை மூடினார்கள். ஆனால் தோல் வளர வாரக்கணக்கில் ஆகும், செலவோ ஏராளம். நம் அரசு மருத்துவமனை வார்டில் இன்று ராத்திரி வந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு அது எட்டாது.

அவளுக்கு எட்டக்கூடியது இறந்தவர் கொடுத்துவிட்டுப் போன தோல். அதை வைத்து மூடினால் உடம்பு இரண்டு மூன்று வாரம் ஏற்றுக்கொள்ளும், பிறகு தள்ளிவிடும். அந்த இரண்டு வாரம் போதும். வலி குறையும், கிருமி நுழையாது, அதற்குள் அவளுடைய சொந்தத் தோல் எடுத்த இடத்தில் மறுபடி வளர்ந்துவிடும். நிரந்தரமாக ஒட்டுவதில்லை என்பதால் ரத்தப் பிரிவு பொருத்தம் பார்க்கவேண்டாம். மும்பை சயான் மருத்துவமனையில் 2000ல் இப்படி ஒரு தோல் வங்கி ஆரம்பித்தது. இங்கே எஸ்.எஸ்.கே.எம்.மில் இருக்கிறது, கோவை கங்காவிலும் இருக்கிறது. வங்கி இருக்கிறது, போடுபவர்கள்தான் இல்லை.

என் அம்மா போன அன்று

இதே சால்ட் லேக்கில் ஆம்ரி மருத்துவமனையில் 2010 ஜனவரி 17ல் ஜோதி பாசு காலமானார். அவர் 2003லேயே எழுதிக் கொடுத்தபடி கண்களும், பிறகு உடலும் மருத்துவக் கல்விக்குப் போயின. இந்த ஊரில் பிரஜ ராய் ஆரம்பித்த 'கணதர்பண்' இயக்கம் பல வருஷங்களாக அதற்காகப் பாடுபட்டது. பிரஜ ராய் 2021ல் கொரோனாவில் இறந்தபோது அவர் உடலும் ஆராய்ச்சிக்குப் போயிற்று.

நம்மவர்களிடம் உடல் தானம் என்றால், தகனம் இல்லையா, பத்து நாள் காரியம் எப்படி என்று தயங்குவார்கள். தோல் தானத்தில் அந்தப் பேச்சே இல்லை. தொடை, கால், முதுகு இவற்றிலிருந்து மேல் தோலை மட்டும், முழுத் தோலின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, எடுப்பார்கள். ரத்தம் வராது, உருவம் மாறாது. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். கட்டுப் போட்டு, வேஷ்டியோ புடவையோ சாத்தியபின் யாருக்கும் தெரியாது. எல்லாச் சடங்கும் நடக்கும்.

இதையெல்லாம் எத்தனையோ குடும்பங்களுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில் என் அம்மா போனாள், வீட்டிலேயே. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? அண்ணா சென்னையிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். வாத்தியார் வந்துவிட்டார். சுற்றிலும் உறவுக்காரர்கள். எனக்கு வாய் வரவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மணி பதினொன்று அடித்ததும், இனி முடியாது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்போது என் வார்டில் பாதி உடம்பு வெந்த ஒரு பெண் இருந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அம்மாவின் தோல் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லமாட்டேன், வைத்தியத்தில் அப்படிக் கணக்குப் போட முடியாது. ஆனால் நான் கேட்கவில்லை என்பது நிஜம்.

இரண்டு வருஷம் கழித்து அத்திம்பேர் தவறினார். அக்கா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்வாயே, தோல் தானம், அதற்குச் சொல்லேண்டி. அவர் சரியென்றுதான் சொல்லியிருந்தார்" என்றாள். வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர், "கால்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சம்ஸ்காரம் பண்ணி வைத்திருக்கிறேனே அம்மா, சீக்கிரம் வரச்சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷம் எது என்னைத் தடுத்தது என்று அன்றுதான் யோசித்தேன். சாஸ்திரம் அல்ல, கூச்சம்தான்.

புறாவுக்காகத் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த சிபிச் சக்கரவர்த்தி கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்தார். நம்மை அப்படி யாரும் கேட்கவில்லை. நெருப்புக்குப் போகப் போவதில் ஒரு மெல்லிய படலத்தை, நெருப்பில் வெந்த ஒருவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சபையில் கேட்ட சில கேள்விகள்

வயது எண்பது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, கொடுக்கலாமா?

தாராளமாக. 18 வயதுக்கு மேல் யாரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, தோல் புற்றுநோய், உடம்பு முழுக்கப் பரவிய தொற்று இருந்தால் மட்டும் கூடாது.

முன்பே எழுதித் தரவில்லையென்றால்?

வீட்டார் சம்மதித்தால் போதும். எழுதித் தந்திருந்தாலும் வீட்டார் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். ஆகவே காகிதத்தை விட முக்கியம், பிள்ளையிடமும் மாட்டுப்பெண்ணிடமும் வாய்விட்டுச் சொல்லிவைப்பது.

நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம், என்ன செய்வது?

ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறுபடும். உங்கள் ஊரில் தோல் வங்கி எங்கே, வீட்டுக்கு வருவார்களா என்று இப்போதே விசாரித்து, எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் தேடக்கூடாது. டாக்டரின் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும், அதுவும் நினைவிருக்கட்டும்.

என் பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். போன மாசம் வந்திருந்தபோது சாப்பிட்டு முடித்ததும் அவனிடமும் மாட்டுப்பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். "இப்போது எதற்கம்மா இந்தப் பேச்சு?" என்றான். "இப்போதுதாண்டா பேசமுடியும்" என்றேன். எண்ணை எழுதிக்கொண்டான்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுங்கள்.